முள் துள்ளினால் மீட்டரை மாற்றாதீர்கள்!

காரின் சுழற்சிமானி பொய் சொன்னால் பழுதை எங்கே தேடுவது? சுழல்வதை எண்ணியே வாழும் நெய்வேலியில் இதற்கு நல்ல பாடம் இருக்கிறது

காரின் முன்பலகையில் பெரிதாக இரண்டு வட்டங்கள் இருக்கும். ஒன்று, வண்டி மணிக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று காட்டுவது. அதை எல்லோரும் பார்க்கிறார்கள். மற்றொன்று, இஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று காட்டுவது. அதைப் பார்க்கிறவர்கள் குறைவு. கெட்டுப்போன பிறகுதான் அப்படி ஒரு மீட்டர் இருப்பதே பலருக்குத் தெரிய வருகிறது!

டாக்கோமீட்டர் என்பது அதன் பெயர். பட்டறைகளில் ஆர்.பி.எம். மீட்டர் என்பார்கள். தமிழில் சுழற்சிமானி எனலாம்.

அது கெடும் விதங்கள் மூன்று. முள் பூஜ்யத்திலேயே செத்துக் கிடக்கும். அல்லது காற்றில் ஆடும் பனையோலை போலத் துடிக்கும். அல்லது அமைதியாக நின்றுகொண்டே தப்பான எண்ணைக் காட்டும். வண்டி பட்டறைக்குப் போகிறது. "மீட்டர் போயிடுச்சு ஸார், புதுசு மாட்டிடலாம்" என்று பதில் வருகிறது. இக்காலக் கார்களில் மீட்டர்கள் எல்லாம் ஒரே பெட்டியாக இருப்பதால் ஒரு முள்ளுக்காக முழுப் பெட்டியையும் வாங்க நேர்கிறது. ஆயிரக்கணக்கில் பணம் போகிறது. பல வண்டிகளில் புதுப் பெட்டியை அந்தக் காரின் கம்ப்யூட்டருக்கு அறிமுகம் செய்துவைக்கும் செலவு வேறு. இவ்வளவும் ஆன பிறகு, நாலாம் நாள் புது முள்ளும் பழைய முள்ளைப் போலவே துள்ளுகிறது.

காரணம் இதுதான். முள் வெறும் தபால்காரன். கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் கொண்டுவந்து கொடுக்க முடியும். கடிதம் எங்கே கசங்கியது, எங்கே கிழிந்தது என்று வழியைப் பார்க்காமல் தபால்காரனை மாற்றி என்ன பயன்?

மூவாயிரம் சுற்று

கடலூர் மாவட்டத்து நெய்வேலி, சுழல்வதை எண்ணிப் பிழைக்கும் ஊர். 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது தலைகாட்டிய பழுப்பு நிலக்கரி, 1956-ல் ஒரு பெரிய பொதுத்துறைக் கம்பெனியை உண்டாக்கியது. 1957 மே 20-ஆம் தேதி பண்டித நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-ல் நிலக்கரி வெளிப்பட்டது. 1962-ல் ருஷ்ய உதவியோடு எழுந்த மின்நிலையத்தில் முதல் யந்திரம் ஓடத் தொடங்கியது. 600 மெகாவாட் வரை வளர்ந்த அந்த முதல் நிலையம் 2020 செப்டம்பர் 30-ல் ஓய்வு பெற்றது. அதன் இடத்தை நிரப்ப, 500 மெகாவாட் யந்திரங்கள் இரண்டு கொண்ட புதிய நிலையம் வந்திருக்கிறது.

1962-ன் 50 மெகாவாட் யந்திரமானாலும் இன்றைய 500 மெகாவாட் யந்திரமானாலும் ஓர் எண் மட்டும் மாறவில்லை. நிமிஷத்துக்கு 3000 சுற்று. அதாவது விநாடிக்கு 50. நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 அலை வீசுவது அதனால்தான்.

அந்த 3000-ஐ எப்படி எண்ணுகிறார்கள்? சுழலும் அச்சில் பல் வைத்த சக்கரம் ஒன்று இருக்கும். எதிரே, மயிரிழை போன்ற இடைவெளி விட்டு, சிறு குமிழ் போன்ற உணர்கருவி. பல் ஒவ்வொன்றும் கடக்கும்போது அதில் ஒரு மின்துடிப்பு எழும். சக்கரத்தில் 60 பல் வைத்துவிட்டால் கணக்கே வேண்டாம். விநாடிக்கு எத்தனை துடிப்போ அதுவே நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்பது! 3000 துடிப்பு வந்தால் 3000 சுற்று.

இந்தத் துடிப்பை நம்பித்தான் உயிர்களும் இருக்கின்றன. மின்சாரச் சுமை திடீரென்று அறுந்துபோனால், நீராவியின் முழு வேகமும் தடையின்றி டர்பைனைத் தள்ளும். சில விநாடிகளில் அது கட்டுமீறி ஓடிவிடும். ஆகவே வேகம் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மிஞ்சினால், அதாவது 3300-ஐ ஒட்டி வந்தால், நீராவியை அடைத்துவிடும் ஏற்பாடு பெரிய டர்பைன்களில் வழக்கமாக உண்டு. தென்னாப்பிரிக்காவின் டூவா அனல்மின் நிலையத்தில் 2011 பிப்ரவரியில் இந்த ஏற்பாட்டைச் சோதிக்கும்போதே வேகம் கட்டுமீறி, 600 மெகாவாட் யந்திரம் ஒன்று சிதறியது.

அதனால் டர்பைன்காரர்கள் ஒரு சாட்சியை மட்டும் நம்புவதில்லை. மூன்று உணர்கருவிகளை வைப்பார்கள். இரண்டு ஒத்துச் சொன்னால்தான் அது மெய். ஒன்று மட்டும் உளறினால், யந்திரத்தைச் சந்தேகிக்காமல் அந்த ஒன்றையே சந்தேகிப்பார்கள். கார்ப் பட்டறைக்கு வேண்டிய பாடம் இது. முள்ளைத் தவிர இன்னொரு சாட்சியைக் கூப்பிட வேண்டும்.

கடிதம் வரும் வழி

பழைய பெட்ரோல் கார்களில் இந்தக் கடிதம் எழுதப்பட்ட இடம் இக்னிஷன் காயில். பிளக்கில் பொறி விழும் ஒவ்வொரு தடவையும் காயிலின் நெகடிவ் முனையில் ஒரு துடிப்பு உண்டாகும். நான்கு சிலிண்டர் இஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு பொறி. 3000 சுற்றில் நிமிஷத்துக்கு 6000 பொறி, விநாடிக்கு 100. இதை எண்ணித்தான் முள் நகரும்.

அம்பாஸடர், பத்மினி வண்டிகளை ஆசையோடு வைத்திருப்பவர்கள் பலர் கடையில் சுழற்சிமானி வாங்கித் தாங்களே பொருத்துகிறார்கள். "இஞ்சின் 3000-ல் கத்துகிறது, முள்ளோ 2000 காட்டுகிறது" என்ற புலம்பல் இவர்களிடம் சகஜம். பல மீட்டர்களின் முதுகில் 4, 6, 8 சிலிண்டருக்கு மாற்றும் சிறு ஸ்விட்ச் ஒன்று இருக்கிறது. அது ஆறில் நின்றால், ஒரு சுற்றுக்கு மூன்று துடிப்பு வரும் என்று மீட்டர் எதிர்பார்க்கும், வருவதோ இரண்டு. ஆகவே எப்போதும் மூன்றில் இரண்டு பங்குதான் காட்டும். எட்டில் நின்றால் சரிபாதி. தப்பு எல்லா வேகத்திலும் ஒரே விகிதத்தில் இருந்தால் அது கணக்குப் பிழை; வயர் பிழை அல்ல. ஸ்விட்சைத் தள்ளினால் தீர்ந்தது. மெக்கானிக்குக் கொடுக்க வேண்டியது ஒரு டீக்காசு!

முள் துள்ளுவது வேறு கதை. காயில் முனையில் எழும் துடிப்பு நூற்றுக்கணக்கான வோல்ட் உள்ளது, தொட்டால் உதறும். பிளக் வயர்களைத் தடை இல்லாத மலிவுச் சரக்காக மாற்றிவிட்டால், அவற்றின் இரைச்சல் பக்கத்து வயரில் ஏறி முள்ளை ஆட்டி வைக்கும். ரேடியோவிலும் அதே இரைச்சல் கேட்கும். கரகரப்பு இஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கினால் மீட்டரைக் கழற்ற வேண்டாம். பிளக் வயரைப் பாருங்கள்.

இரண்டு சாட்சிகள்

புதுக் கார்களில் டர்பைன் வித்தையே வந்துவிட்டது. கிராங்க் அச்சில் பல்சக்கரம். பல வண்டிகளில் 60 பல்லுக்கு இடம் வைத்து, இரண்டைப் பிடுங்கிவிட்டு 58 பல் வைத்திருப்பார்கள். பொக்கை விழுந்த அந்த இடம்தான் அச்சு எந்த நிலையில் நிற்கிறது என்பதற்கு அடையாளம். எதிரே உணர்கருவி. அதன் துடிப்புகள் முதலில் இஞ்சின் கம்ப்யூட்டருக்குப் போகின்றன. கம்ப்யூட்டர் அவற்றை எண்ணி, சுற்றைக் கணக்கிட்டு, ஜோடி வயர் வழியே மீட்டர் பெட்டிக்குச் சொல்லி அனுப்புகிறது. பெட்டிக்குள் ஒரு சிறு மோட்டார் முள்ளைத் திருப்புகிறது.

இவ்வளவு நீண்ட வழியில் எங்கே கோளாறு? ஸ்டீயரிங்குக்குக் கீழே பட்டறைக்காரர்கள் ஸ்கானர் மாட்டும் துவாரம் ஒன்று உண்டு. செல்போனோடு பேசும் மலிவான ஸ்கானர்களே இப்போது கிடைக்கின்றன. அதை மாட்டினால், கம்ப்யூட்டர் தன் கணக்கில் இஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று வைத்திருக்கிறதோ அந்த எண் திரையில் வரும். இதுவே இரண்டாவது சாட்சி.

ஸ்கானர் நிதானமாக 800 என்கிறது, முள் மட்டும் ஆடுகிறது என்றால், கம்ப்யூட்டர் வரை எல்லாம் சுகம். கோளாறு அதற்கு இப்பால். மற்ற முட்களும் கூடவே செத்துச் செத்துப் பிழைக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எல்லாம் சேர்ந்து ஆடினால் ஃப்யூஸ், எர்த், மீட்டர் பெட்டியின் பின்னால் உள்ள சொருகி, அல்லது அந்த ஜோடி வயர். இது ஒன்று மட்டும் ஆடினால்தான் முள்ளின் மோட்டாரைச் சந்தேகிக்கலாம். மீட்டருக்குச் செலவழிக்க நியாயம் உள்ள இடம் இது ஒன்றுதான். அப்போதும் மோட்டாரை மட்டும் மாற்றித் தரும் மீட்டர் ரிப்பேர்க்காரர் இருக்கிறாரா என்று விசாரிப்பது நல்லது.

ஸ்கானரும் முள்ளும் ஒன்றாகவே துள்ளுகின்றன, ஆனால் இஞ்சின் சத்தம் ஒரே சீராக இருக்கிறது என்றால், பழுது உணர்கருவியின் பக்கம்.

மூன்றாவது வகையும் உண்டு. ஸ்கானரும் துள்ளுகிறது, முள்ளும் துள்ளுகிறது, காதை வைத்துக் கேட்டால் இஞ்சினும் ஏறி இறங்கி மூச்சு வாங்குகிறது! அங்கே மீட்டர் குற்றவாளி அல்ல. காற்று போகும் வாயில் கரி படிந்திருக்கலாம், குழாயில் ஓட்டை விழுந்து காற்றை உறிஞ்சலாம். மெய் சொன்ன முள்ளே உதை வாங்கும் இந்த வகைதான் மிகவும் பரிதாபமானது.

ஒரு விஷயத்தை நினைவில் வைத்தால் பாதி அலைச்சல் மிச்சம். கிராங்க் உணர்கருவி அடியோடு செத்துவிட்டால் பெரும்பாலான புதுக் கார்கள் ஓடவே மாட்டா. எப்போது பொறி போடுவது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஆகவே இஞ்சின் ஜோராக ஓடுகிறது, முள் மட்டும் கிடக்கிறது என்றால் உணர்கருவியை மாற்றச் சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

சூட்டில் சாகும், ஆறினால் பிழைக்கும்

உணர்கருவியின் நோய்களில் மிகவும் ஏமாற்றுவது இது. காலையில் வண்டி கிளம்பும்போது ஒரு குறையும் இல்லை. நாற்பது நிமிஷம் ஓடி, இஞ்சின் நன்றாகச் சூடான பிறகு முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுகிறது. கூடவே இஞ்சினும் நிற்கிறது. அரைமணி மர நிழலில் நிறுத்தினால் ஒன்றும் நடக்காதது போல் மறுபடி கிளம்புகிறது. உள்ளே மயிரிழைச் செப்புக் கம்பியில் விரிசல். சூட்டில் விலகுகிறது, குளிர்ந்தால் சேர்கிறது.

பெட்ரோல் பம்ப் கெட்டாலும் இஞ்சின் நிற்கும். வித்தியாசத்தை முள்ளே சொல்லிவிடும். பெட்ரோல் வராமல் நின்றால், வண்டி கியரில் ஓடிக்கொண்டிருக்கும் வரை சக்கரங்கள் இஞ்சினைச் சுற்றுவதால் முள் வண்டியோடு சேர்ந்து மெல்ல இறங்கும். உணர்கருவி செத்தால் வண்டி ஓடும்போதே முள் ஒரே விழுக்காடாக விழும்.

இது வேடிக்கை அல்ல. நெய்வேலியைத் தொட்டுச் செல்லும் விக்கிரவாண்டி - தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே இஞ்சின் நின்றால் ஸ்டீயரிங் கனத்துவிடும்; பிரேக்கும் ஓரிரு மிதிக்குப் பிறகு கட்டையாகிவிடும். இரண்டு தடவை இப்படி நடந்த வண்டியை மூன்றாவது தடவை குடும்பத்தோடு வெளியூர் எடுத்துப் போகக் கூடாது.

உணர்கருவிகளில் இரண்டு ஜாதி. இரண்டு வயர் உள்ளது வெறும் காந்தமும் கம்பிச் சுருளும். ஓம்மீட்டரால் அளக்கலாம், சில நூறு ஓம் முதல் ஆயிரத்துச் சொச்சம் ஓம் வரை பொதுவாகக் காட்டும், சரியான எண் கம்பெனிப் புத்தகத்தில் இருக்கும். எல்லையற்ற தடை காட்டினால் கம்பி அறுந்துவிட்டது. குளிர்ந்திருக்கும்போது அளந்து 'சரி' என்று விடக் கூடாது. நோய் வருவது சூட்டில்தான். மூன்று வயர் உள்ளது ஹால் ஜாதி. ஒன்றில் மின்சாரம் உள்ளே போகிறது, ஒன்று எர்த், மூன்றாவதில் துடிப்பு வருகிறது. இதை ஓம்மீட்டரால் அளப்பது வீண். முதல் இரண்டு வயரிலும் உரிய வோல்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஸ்டார்ட்டரைச் சுழற்றும்போது மூன்றாவதில் துடிப்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

உணர்கருவியைக் கழற்றினால் அதன் மூக்கையும் பாருங்கள். அது காந்தம் அல்லவா? தேய்ந்த இரும்பின் பொடி மீசை போல ஒட்டியிருந்தால் பல்லின் துடிப்பு மங்கிவிடும். துணியால் துடைத்து மாட்டியதிலேயே குணமான வண்டிகள் உண்டு. நெய்வேலி வீதிகளில் பறக்கும் நிலக்கரித் தூசி காந்தத்தில் ஒட்டாது. அதன் மேல் பழி போட வேண்டாம்! ஆனால் தண்ணீர் நிச்சயம் பகைவன். 2011 டிசம்பர் 30-ல் கடலூர்க் கரையைக் கடந்த தானே போன்ற புயல்களிலும் வெள்ளங்களிலும் நனைந்த வண்டிகளில் சொருகிகளுக்குள் பச்சைக் களிம்பு ஏறிவிடும். உடனே தெரியாது, மாதக் கணக்கில் கழித்து முள் ஆடத் தொடங்கும். வயர் கடிக்கும் எலியும் இந்தப் பட்டியலில் உண்டு. இஞ்சின் ஓடும்போது வயர்க் கட்டை ஒவ்வொரு சாணாக அசைத்துக்கொண்டே போக, ஒருவர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். எந்த இடத்தில் கை பட்டதும் முள் துள்ளுகிறதோ அங்கே இருக்கிறது வியாதி. சுழலும் பெல்ட், விசிறியின் பக்கம் மட்டும் கை போகக் கூடாது.

குழல்விளக்கு வித்தை

ஸ்கானர் மாட்ட இடமில்லாத பழைய காருக்கு இரண்டாம் சாட்சி யார்? நெய்வேலி டர்பைனையே கூப்பிடலாம்!

சோக் கட்டிய பழைய குழல்விளக்கு, கண்ணுக்குத் தெரியாமல் விநாடிக்கு 100 தடவை மின்னி மின்னி அணைகிறது. மின்சாரத்தின் 50 அலையில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மின்னல். 2013 டிசம்பர் 31-ல் தென்னிந்திய மின்வலை தேசிய வலையோடு இணைந்தது முதல் நாடெங்கும் உள்ள டர்பைன்கள் ஒரே தாளத்தில் ஓடுகின்றன. அந்தத் தாளம் 49.90-க்கும் 50.05-க்கும் நடுவில் நிற்க வேண்டும் என்பது மின்வலை விதி. கடையில் வாங்கிக் காரில் பொருத்தும் முள் மீட்டர்கள் பலவற்றுக்கு இவ்வளவு துல்லியம் கிடையாது.

இஞ்சினை நிறுத்திவிட்டு, கிராங்க் புல்லியில் சாக்குக்கட்டியால் ஒரு வெள்ளைக் கோடு போடுங்கள். பொழுது சாய்ந்த பிறகு குழல்விளக்கு வெளிச்சத்தில் இஞ்சினை ஓட்டினால், 750 சுற்றில் எட்டுக் கோடுகள் அசையாமல் நிற்பது போலத் தெரியும். 1000-த்தில் ஆறு கோடு. 1500-ல் நாலு. 3000-ல் எதிரெதிராக இரண்டு. கோடுகள் புல்லி சுற்றும் திக்கிலேயே மெல்ல நகர்ந்தால் இஞ்சின் கொஞ்சம் வேகம். எதிர்த் திக்கில் நகர்ந்தால் கொஞ்சம் மந்தம். நாலு கோடு நிற்கும்போது முள் 1500 காட்டினால் மீட்டர் யோக்கியன்.

ஷெட்டின் கதவு திறந்தே இருக்க வேண்டும்; பெட்ரோல் புகை உயிர்க்கொல்லி. அதைவிடப் பெரிய ஜாக்கிரதை ஒன்று உண்டு. புல்லி நிற்பது போலத் தெரியுமே தவிர நிற்கவில்லை! இந்த மாயத் தோற்றத்துக்குப் பயந்துதான் தொழிற்சாலைகளில் குழல்விளக்குகளை வெவ்வேறு பேஸில் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். இன்றைய எல்.இ.டி. விளக்குகள் பலவற்றில் இந்த வித்தை பலிக்காது.

டீஸல் வண்டிக்காரர்களுக்கு

டீஸல் இஞ்சினில் பொறி இல்லை; காயிலும் இல்லை. பழைய டீஸல் ஜீப்பிலும் லாரியிலும் டிராக்டரிலும் சுழற்சிமானிக்குத் துடிப்பு பெரும்பாலும் ஆல்டர்னேட்டரின் பின்னால் 'டபிள்யூ' என்று குறித்த முனையிலிருந்து வருகிறது. அதாவது முள் எண்ணுவது இஞ்சினின் சுற்றை அல்ல. பெல்ட் வழியாகச் சுழலும் ஆல்டர்னேட்டரின் சுற்றை.

இதில் உள்ள வம்பைச் சுரங்கக் கன்வேயர்காரர்கள் நன்றாக அறிவார்கள். கன்வேயரில் மோட்டார் உருளை சுற்றிக்கொண்டே இருக்க, பெல்ட் வழுக்கி நின்றுவிடலாம். உரசலில் சூடேறி ரப்பர் பற்றும். பழுப்பு நிலக்கரியோ எளிதில் தீப்பிடிக்கும் பண்டம். ஆகவே ஓடுகிறதா என்று காவல் பார்க்கும் கருவியை மோட்டார் உருளையில் வைக்காமல், பெல்ட்டே இழுத்துச் சுழற்றும் உருளையில் வைப்பது வழக்கம்.

டீஸல் வண்டியில் இதே வழுக்கல் முள்ளில் தெரியும். இரவில் பெரிய விளக்கைப் போட்டதும் ஆல்டர்னேட்டரின் சுமை ஏறுகிறது; தளர்ந்த பெல்ட் கிரீச்சிட்டு வழுக்குகிறது; இஞ்சின் சத்தம் மாறாமலே முள் இறங்குகிறது. மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். பெல்ட்டை இறுக்கினால் அல்லது மாற்றினால் முள் தானே ஏறிவிடும். முள்ளும் கிடந்து, பாட்டரி விளக்கும் சிவப்பாக எரிந்தால் ஆல்டர்னேட்டருக்கே வைத்தியம் வேண்டும். பாட்டரி நன்றாக ஏறுகிறது, முள் மட்டும் இல்லை என்றால் டபிள்யூ முனையின் ஒற்றை வயர் கழன்றிருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம்.

வேறு வண்டியின் ஆல்டர்னேட்டரை வாங்கி மாட்டிய பிறகு முள் எப்போதும் கூட்டியோ குறைத்தோ காட்டுவதும் உண்டு. புல்லியின் விட்டம் மாறினால் சுற்று விகிதமும் மாறும். அத்தகைய மீட்டர்கள் பலவற்றின் முதுகில் திருப்பிச் சரிசெய்ய ஒரு சிறு திருகு இருக்கும். சாக்குக்கட்டிக் கோட்டைப் போட்டு, குழல்விளக்கின் கீழே நாலு கோடு நிற்கும் வேகத்தில் இஞ்சினை வைத்துக்கொண்டு, முள் 1500-க்கு வரும் வரை அந்தத் திருகைத் திருப்பினால் போதும்.